காணும் பாட்டும் காணாத முகமும்

பாட்டைக் கேட்டால் மட்டும் போதாது, பாடுகிறவனையும் பார்க்கவேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 1940-களில் அமெரிக்க மதுக்கடைகளில் ‘பானோராம்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பீரோ மாதிரி இருக்கும். மேலே சின்னத் திரை. பத்து சென்ட் நாணயம் போட்டால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, ஆட்டத்தோடு ஓடும். ‘சவுண்டீஸ்’ என்று அந்தப் படங்களுக்குப் பெயர். ஒரு சுருளில் எட்டுப் பாட்டு. எது வருகிறதோ அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ட்யூக் எலிங்டன், ஃபாட்ஸ் வாலர் என்று கறுப்பினக் கலைஞர்கள் தோன்றிய படங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். ஹாலிவுட் அவர்களுக்கு வேலைக்காரன் வேஷமும் ஆயா வேஷமும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இவற்றிலும் கேலிக்கூத்து இல்லாமலில்லை. இருந்தாலும் பல படங்களில் அவர்கள் நல்ல உடுப்புடன், மேடைக்குச் சொந்தக்காரர்களாக நிற்கிறார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, அதே ஆசை ஒரு டெலிவிஷன் ஸ்தாபனமாக உருவெடுத்தது. 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி எம்.டி.வி. ஆரம்பமாயிற்று. மன்ஹாட்டனுக்கு அதன் கேபிள் எட்டாததால், அதை நடத்தியவர்களே ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்ஸியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து முதல் ஒளிபரப்பைப் பார்த்தார்களாம். வேடிக்கைதான். ஆனால் அந்தத் திரையில் கறுப்பு முகம் அபூர்வமாக இருந்தது வேடிக்கையல்ல. லட்சக்கணக்கில் தட்டு விற்ற ரிக் ஜேம்ஸின் பாட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் பகிரங்கமாகவே சண்டைக்கு வந்தார். 1983-ல் டேவிட் போவி, தம்மைப் பேட்டி காண வந்த எம்.டி.வி. அறிவிப்பாளரிடமே, ஏன் இப்படி என்று கேட்டுவிட்டார். சிற்றூர்களில் இருக்கும் நேயர்கள் மிரண்டுவிடுவார்களே என்ற தோரணையில் பதில் வந்தது.

தாங்கள் ராக் சங்கீதம் மட்டுமே போடுகிறவர்கள் என்பது ஸ்தாபனத்தின் வாதம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ராக் சங்கீதத்தை உருவாக்கியவர்களில் சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் முன்வரிசைக்காரர்கள் என்பதை மட்டும் மறந்துவிடவேண்டும்! கறுப்பர்களின் இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகப் பட்டியல் போட்டது அந்த நாட்டு வியாபாரம். 1949-ல் ‘பில்போர்ட்’ பத்திரிகை அதை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. பெயர் மாறிற்று, தனிப் பந்தி அப்படியே இருந்தது. ரேடியோ அந்தப் பந்தியைப் பின்பற்றியது, எம்.டி.வி. ரேடியோவைப் பின்பற்றியது.

1983 மார்ச்சில் மைக்கேல் ஜாக்ஸனின் ‘பில்லி ஜீன்’ அந்தத் திரைக்கு வந்தது. தேசமெங்கும் முதலிடம் பெற்றுவிட்ட பாட்டு அது. போடாவிட்டால் எங்கள் படம் ஒன்றுகூட உங்களுக்குக் கிடையாது என்று இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் மிரட்டினார் என்பார்கள்; எம்.டி.வி. தரப்பில் மறுத்தார்கள். கதை எழுதுகிறவனான என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்தப் படத்தில் ஒருவன் காமிராவோடு ஜாக்ஸனைப் பின்தொடர்கிறான். படம் எடுக்கிறான். எடுத்த படத்தில் ஜாக்ஸன் இல்லை! அவர் மிதித்த கல்தான் வெளிச்சம் போடுகிறது. காமிராவுக்கு அகப்படாத கறுப்பு மனிதனின் கதையா, அத்தனை காலம் சாத்தியிருந்த கதவைத் திறக்கவேண்டும்?

1986-ல் ரன்-டி.எம்.சி.யும் ஏரோஸ்மித்தும் சேர்ந்து ஒரு படம் செய்தார்கள். நடுவில் சுவர், இந்தப் பக்கம் ராப், அந்தப் பக்கம் ராக், பாட்டு நடுவே சுவர் உடைகிறது. நான் கதையில் இப்படி ஒரு சுவரை வைத்தால் பத்திரிகை ஆசிரியர் சிரிப்பார்.

இதற்குள் பேராசிரியர்கள் புறப்பட்டுவிட்டார்கள். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட நான் அவர்கள் நூல்களைத் தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். 1987-ல் ஆன் கப்லன் என்ற அம்மையார் எம்.டி.வி.யைப் பின்நவீனத்துவத்தின் கண்ணாடி என்றார்: பழையது புதியது, உயர்ந்தது தாழ்ந்தது என்ற எல்லைகள் கரைந்து, முடிவில்லாமல் ஓடும் பிம்ப வெள்ளம். அழகான வர்ணனை. ஆனால் எல்லையே இல்லாத வெள்ளம் என்றால், ரிக் ஜேம்ஸ் எந்த மதகில் நின்றுபோனார்? 1992-ல் ஆண்ட்ரூ குட்வின் வேறு குறை சொன்னார்: இவர்கள் படத்தைப் பார்த்தார்களே தவிர, பாட்டைக் கேட்கவில்லை என்று. நியாயமான குறை.

எனக்கு உதவியவர்கள் வேறு இரண்டு பேர். டிக் ஹெப்டிஜ் 1979-லேயே, லண்டன் இளைஞர்களின் உடையையும் ஊக்கையும், குடியேறி வந்த கறுப்பர்களோடு அவர்களுக்கிருந்த உறவின் சரித்திரமாகப் படித்துக் காட்டினார். 1994-ல் டிரீஷியா ரோஸ் ராப் படங்களை ஆராய்ந்தபோது, அவர் கண்ணில் பட்டது வெள்ளமல்ல, இடம்: பஸ், சுரங்க ரயில், இடிந்த கட்டடம், தெருமுனை, கூடவே நிற்கும் சிநேகிதர்கள். இது எங்கள் தெரு, இவர்கள் எங்கள் ஆட்கள் என்று ஒவ்வொரு படமும் விலாசம் சொல்கிறது என்றார்.

1988-ல் எம்.டி.வி. ‘யோ! எம்.டி.வி. ராப்ஸ்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் ஃபாப் ஃபைவ் ஃப்ரெடி, சுவர்ச் சித்திரக்காரர். ஸ்டூடியோவுக்குள் உட்காராமல், காமிராவைத் தூக்கிக்கொண்டு பாடகர்களின் பேட்டைகளுக்கே போனார். வாரம் ஒருமுறை என்று ஆரம்பித்த நிகழ்ச்சி, அடுத்த வருஷமே தினசரி நிகழ்ச்சியாகவும் வளர்ந்துவிட்டது. சிற்றூர்களில் இருந்த பிள்ளைகள் மிரளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து பார்த்தார்கள்.