தோட்டப் பள்ளியும் துரைமார் தமிழும்



அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே பிறமொழிக் கல்வி எவ்வாறு நடைபெற்றது என்று வினவினால், அங்கே அத்தகைய கல்வி ஏது என்றே பலரும் விடை பகர்வர். உண்மை அதுவன்று. பிறமொழிக் கல்வி மலைநாட்டிலே ஒழுங்காகவே நடைபெற்றது. ஆனால் அதனைக் கற்றவர் தொழிலாளியின் பிள்ளையல்லர், தோட்டத்துரையே.

பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கிய இளைஞர், சின்னத்துரையாக அமர்ந்ததும் தமிழ் பயில வேண்டியவரானார். அவருக்கெனக் கையேடுகள் பல அச்சாயின. 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த ஒரு கையேட்டின் பெயர் 'இங்கே வா' என்பது. வெல்ஸ் என்னும் துரை 1915இல் வெளியிட்ட மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. இவ்விரு பெயர்களுமே அக்கல்வியின் நோக்கத்தைப் புலப்படுத்தும். வேலை ஏவவும், கணக்குக் கேட்கவும், கண்டிக்கவும் போதுமான தமிழே வேண்டப்பட்டது. பேசுபவனின் உள்ளத்தை அறிவதற்கு அம்மொழி கற்கப்படவில்லை.

மறுபுறத்தில் தொழிலாளியின் நிலை யாது? அவன் வாழ்வை நிர்ணயித்த தாள்கள் ஆங்கிலத்திலே இருந்தன. 'துண்டு' என்னும் சீட்டை எடுத்துக் கொள்வோம். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் இவனை விடுவிக்கத் தடையில்லை என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது கையில் இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் பேர் பதிய முடியாது. தன் தலைமேல் உள்ள கடன் எவ்வளவு என்பதைத் தானே படித்தறிய இயலாத நிலையில் அவன் அதனைச் சுமந்து சென்றான். 1921இல் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. படிக்க முடியாத தாள்கள் மட்டும் ஒழியவில்லை.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் கடமையைத் துரைமார்மீது சுமத்தின. தாய்மொழிக் கல்வி நல்லதே; அதனைக் குறைகூறுவார் யாருமிலர். ஆயின் பத்து வயதுக்குப் பின் மலையேறிக் கொழுந்து பறிக்கவேண்டிய பிள்ளைக்கு அதற்குமேல் ஒரு படி தேவையில்லை என்ற எண்ணமே அந்த ஏற்பாட்டின் உள்ளே இருந்தது. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கற்பிக்கச் சட்டம் பணிக்கவில்லை.

பல தோட்டங்களிலே பள்ளி என்பது ஒரே அறை, ஆசிரியரும் ஒருவரே. ஐந்து வகுப்புக்களையும் அவரே நடத்தினார். மணலில் விரல் பிடித்து அகரம் எழுதுவித்தவர் அவர். மாலையிலே லயத்து மக்களுக்குக் கடிதம் படித்துக் காட்டியவரும், மனு எழுதிக் கொடுத்தவரும் அவர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுத்துப் பாலமாக நின்ற அந்த வாத்தியார்மாரின் பெயர்கள் வரலாற்று நூல்களிலே காணப்படுவதில்லை.

ஆங்கிலம் இருந்தது நகரத்திலே, மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளில். அங்கே கட்டணம் செலுத்த வல்லவர் கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார் முதலிய சிலரே. அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் பூண்டுலோயாவை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திலே, பெரிய கங்காணி குடும்பத்திற் பிறந்தவர். தாம் பெற்ற ஆங்கிலத்தைத் தொழிலாளரின் துயரை உலகுக்கு உரைக்கும் கருவியாக்கினார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய கவிதையை சக்தீ பால ஐயா தமிழாக்கினார். பின்னாளில் வேலுப்பிள்ளை மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பிறமொழி கற்றவன் தாய்மொழியை மறப்பான் என்போருக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமோ?

1947இல் அவர் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டமக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். உரிமை பெற்றோரோ சுமார் 1,34,000 பேர் மாத்திரமே. தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று காட்டவேண்டும்; தேதிகள் பொருந்தவேண்டும்; சிறு குறைகளுக்காகவும் பல விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. அந்தச் சட்டத்தின் அநீதியைக் கல்வியொன்றே நீக்கியிராது. எனினும், தன் பிறந்த மண்ணின்மீதுள்ள உரிமையை நிலைநாட்டும் படிவத்தைப் பிறர் நிரப்ப, அதன்கீழ்ப் பெருவிரல் அடையாளம் இட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மொழிக்கல்வி மறுக்கப்பட்டதன் விலை அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1956இல் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழியான பின்னர் படிக்க முடியாத தாள்களின் எண்ணிக்கை இன்னும் பெருகிற்று. 1970களிலேதான் அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் பெருமளவிற் பொறுப்பேற்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாகவும், ஆங்கிலத்தை இணைப்புமொழியாகவும் ஆக்கிற்று. பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, மலைநாட்டுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுகின்றது.

துரைமார் தமிழ் கற்றது ஏவுவதற்கு. தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலமும் சிங்களமும் கற்பது தன் பெயரிலுள்ள தாளைத் தானே படித்து, தவறு கண்டால் அதனைத் தட்டிக் கேட்பதற்கு. மும்மொழிப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சிற் கொண்டால், பெயரறியாத அந்தப் பழைய வாத்தியார்மாரின் பணி வீண்போகாது.