கோர்டனின் முதல் தொகுப்பும் கிளார்க்கின் முன்னுரையும்

ஆடம் லிண்ட்சே கோர்டன் 1867இல் மெல்பர்னில் வெளியிட்ட ‘சீ ஸ்பிரே அண்ட் ஸ்மோக் டிரிஃப்ட்’ தொகுப்பை ஆஸ்திரேலியக் காட்டுநிலத்தின் துயரக் குரலாகக் காண்பது ஆய்வுலகில் நெடுநாள் வழக்கு. அக்கருத்துக்குக் கவிதைகளைவிட, 1876ஆம் ஆண்டு மறுபதிப்புக்கு மார்கஸ் கிளார்க் எழுதிய முன்னுரையே பெரிதும் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கோர்டனின் வாழ்க்கையையும் ஆண்மை மிக்க நடையையும் பேசித் தொடங்கும் முன்னுரை, விரைவிலேயே அவரை விட்டு நிலத்துக்குத் தாவுகிறது. இருண்ட மலைக்காடுகள், ஓசையின்றித் தாவும் கங்காருகள், அலறிப் பறக்கும் வெள்ளைக் காக்கட்டூகள் என அச்சமூட்டும் காட்சிகள் அடுக்கப்படுகின்றன. எட்கர் ஆலன் போவின் கவிதையில் ஓங்கும் துயரமே இந்நிலத்தின் தலையாய பண்பு என்கிறார் கிளார்க். இப்பகுதி கோர்டனுக்காக எழுதப்பட்டதே அன்று. மெல்பர்ன் தேசியக் கலைக்கூடத்திலிருந்த லூயி பூவெலோ, நிக்கோலஸ் ஷெவாலியே ஆகியோரின் ஓவியங்களுக்கு விளக்கமாகச் சில ஆண்டுகள் முன்னர் கிளார்க் எழுதியவற்றை எடுத்து இங்கே கோத்திருக்கிறார். இச்செய்தி ஆய்வாளர் அறிந்ததே. ஆயினும் அதன் விளைவு உரிய அளவில் எடைபோடப்படவில்லை.

தொகுப்பைப் புரட்டினால் வேறுலகம் தெரிகிறது. ‘போடாஸ் ஓகுஸ்’ டிராயில் உயிர்விடும் அக்கிலீஸைப் பாடுகிறது. ‘ஹிப்போட்ரோமேனியா’ குதிரைப் பந்தயம் பற்றியது. ‘தி சாங் ஆஃப் தி சர்ஃப்’ கடலலையைப் பாடுகிறது. தலைப்பிலேயே உள்நாட்டு மரத்தைத் தாங்கிய ‘விஸ்பரிங்ஸ் இன் வாட்டில் பவ்ஸ்’ கவிதை இன்னும் தெளிவான சான்று. அதில் வாட்டில் கிளைகள் வருணிக்கப்படுவதற்காக வரவில்லை. பிரிந்த தந்தையையும் தங்கையையும் நண்பனையும் காதலியையும் பற்றிக் கேட்பதற்கே வருகின்றன. துயரம் உண்டு, அது நிலத்தின் துயரமன்று, இழந்த உறவுகளின் துயரம். உள்நாட்டை ஆராயச் சென்று இறந்த பயணி பர்க்கைப் பற்றிய ‘கான்’ போன்ற சில விதிவிலக்குகள் இருப்பது மெய்யே. அவை தொகுப்பின் போக்கை மாற்றுவனவாகத் தோன்றவில்லை.

மேய்ச்சல்நில வாழ்வின் செவ்விய சித்திரமான ‘தி சிக் ஸ்டாக்ரைடர்’ முதல் தொகுப்பில் இல்லை. 1870இல் வந்த ‘புஷ் பேலட்ஸ் அண்ட் கேலப்பிங் ரைம்ஸ்’ நூலில் உள்ளது. மணமற்ற மலரும் பாடாப் பறவையும் கொண்ட நாடு என்னும் பேச்சும் அந்நூலின் காணிக்கைப் பாடலில்தான் வருகிறது. பின்னர் இரு நூல்களும் ஒரே திரட்டாகி, முன்னுரை அதன் முகப்பில் அமர்ந்தபோது, ஓவியங்களுக்கு எழுதிய சொற்கள் எல்லாக் கவிதைகளுக்கும் உரையாகிவிட்டன.

கிளார்க் கோர்டனின் நண்பர், ஆகவே அவர் மனத்தை அறிந்தே எழுதினார் என்னும் மறுப்பு வலுவற்றது. நட்பு, ஓவிய விளக்கத்தைக் கவிதை விளக்கமாக்கிவிடாது. கோர்டன் இரண்டாம் நூல் வெளியான மறுநாள், 1870 ஜூன் 24 அன்று, பிரைட்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டது முன்னுரையின் இருண்ட தொனிக்குப் பின்னாளில் வலுச்சேர்த்திருக்கலாம். ஆனால் ஒரு மரணத்தை மூன்றாண்டு முந்தைய நூலுக்குப் பொருளாக ஏற்றுவது முறையன்று.

கோர்டன் 1868இல் பிளெமிங்டன் திடலில் ஒரே நாளில் மூன்று தடைதாண்டும் பந்தயங்களை வென்ற குதிரை வீரர். அவர் பாடல்களை மனப்பாடமாகச் சொன்ன எளிய வாசகர் அவற்றில் விரைவையும் துணிவையும் கேட்டனர். 1867 நூலைப் பொறுத்தமட்டில், கற்றோர் மரபைவிட அவ்வாசிப்பே மூலத்துக்கு நெருக்கமானது.