களனி விகாரையும் ஒரு பிரதமரும்

இலங்கையின் 1956 என்றால் எங்கள் தமிழர்கள், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். சட்டத்துக்கு முன் விகாரைகளில் நடந்ததைப் பற்றிப் பேச்சே வராது. சரித்திரம் படிப்பித்த எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

அந்த வருடம் புத்தர் பரிநிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவு. வெள்ளைக்காரன் காலம் தொட்டு அரசாங்க உதவியும் நல்ல உத்தியோகமும் மிஷன் பள்ளிக்கூடப் பக்கமே போயின என்று பௌத்த விசாரணைக் குழுவொன்று அந்த வருடத் தொடக்கத்தில் அறிக்கை விட்டது. முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. என் ஐயா கொழும்புக் கந்தோரில் எழுதுவினைஞரானதும் மிஷன் படிப்பால்தான். அதை அவர் மறுத்ததில்லை.

இந்த மனக்குறையை வாக்காக மாற்றத் தெரிந்தவர் களனி ரஜமகா விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர். அவருடைய எக்சத் பிக்கு பெரமுன பத்து அம்சக் கோரிக்கை ஒன்றை எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் கையில் கொடுத்தது. பிக்குகள் கிராமம் கிராமமாக இறங்கினார்கள். எந்தக் கட்சிக்கும் அப்படியொரு தொண்டர் படை கிடைத்ததில்லை. அந்த வருடத் தேர்தலில் 95 ஆசனங்களில் 51 பண்டாரநாயக்கா அணிக்கு. அவர் பிரதமரானார். ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெறும் 8. அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து ஒக்ஸ்போர்டில் படித்தவர் பண்டாரநாயக்கா. வேலை பறிபோகும் பயத்திலும் ஐயா அவருடைய ஆங்கிலத்தை மெச்சிக்கொண்டுதான் இருந்தார்!

தனிச்சிங்களச் சட்டம் வந்தது. ஆனால் அடுத்த வருடமே, 1957 ஜூலை 26இல், அதே பிரதமர் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார்: பிரதேச சபைகள், வடகிழக்கில் தமிழில் நிர்வாகம். அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். ஆளுங்கட்சி எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்கா இம்புல்கொடவில் மறித்ததால் கண்டிவரை போகவில்லை. ஜே.ஆருக்கு அன்று பக்தி முற்றியது என்று நான் நம்பவில்லை. தோற்ற கட்சிக்கும் அதே ஆயுதம் உதவும் என்று கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு முன்னால் குந்திவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று சொன்னால் போதாதாம், எழுதித் தரவேண்டுமாம். எழுதிக் கொடுத்தார். மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம்.

புத்தரக்கித்தருக்குக் கணக்கு அதோடு தீரவில்லை. கப்பல் ஒப்பந்தம், சீனி ஆலை என்று தன் ஆட்களின் கம்பனிகளுக்குக் கேட்டவை கிடைக்காத ஆத்திரம் பின்னால் வழக்கில் வெளிவந்தது. 1959 செப்டெம்பர் 25இல் தல்துவே சோமராம தேரர் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். சுதேச வைத்தியக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர். காவி உடுத்தவரைக் கண்டதும் பிரதமர் வழக்கப்படி குனிந்து வணங்கினார். பிக்கு சுட்டார். மறுநாள் உயிர் போயிற்று.

தன் ஆட்சியில் பண்டாரநாயக்கா நிறுத்திவைத்த தூக்குத்தண்டனையை அவர் கொலைக்காகவே மீட்டுக்கொண்டுவந்தார்கள். 1962 ஜூலையில் சோமராமவைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். புத்தரக்கித்தருக்கும் தூக்குத்தான் தீர்ப்பு. மீட்டுவந்த சட்டம் கொலைச் சதிக்கு முன்தேதியிட்டுப் பொருந்தாது என்று மேன்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1967இல் சிறையில் செத்தார்.

பிரதமரைக் கொன்றது விகாராதிபதியின் சதி என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, அரசியல்வாதிகள் விகாரையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் அந்தக் கொலையில் கணவரை இழந்த சிறிமாவோவின் ஆட்சியில் வந்த 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978இல் ஜே.ஆர். தன் அரசியலமைப்பிலும் அதை வைத்துக்கொண்டார். 1972 ஆவணத்துக்குப் பொறுப்பான அமைச்சர் இடதுசாரி கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி மட்டும் என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரேதான்.