மகமையும் வட்டியும்

'வள்ளல்'னு ஒரு வார்த்தை போட்டுட்டா பேச்சு முடிஞ்சுபோகும். அண்ணாமலை செட்டியார் விஷயத்தில் நம் வரலாற்றெழுத்து அப்படித்தான் முடித்துக்கொண்டது. 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி, பிறகு 20 லட்ச ரூபாய் கொடை, 1929இல் பல்கலைக்கழகம். சரி, பணம்?

நகரத்தார் லேவாதேவியின் பெரிய களம் கீழ் பர்மா. அங்கே நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில். பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்தது, ஈடு வைத்த நிலமெல்லாம் கடனுக்குப் போனது. 1937இல் அது 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவங்க இல்ல, வட்டிக்குப் போனவங்க என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அதனால் என்ன? பல்கலைக்கழகம் இந்தச் சரிவுக்கு முந்தியது; வட்டி பல்கலைக்கழகத்துக்கும் முந்தியது.

இங்கே 'மகமை' என்ற ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று பேரேட்டில் தனியே வரவு வைப்பார்கள். சாமி பேரில் நிற்கும் அந்தப் பணமும் வட்டிக்குப் போகும். தர்மம் மூலதனத்துக்கு வெளியே இருந்த ஒன்றல்ல, அதே பேரேட்டின் இன்னொரு பக்கம். ஊருக்குள் நாணயம், சந்தையில் கடன் கிடைக்கும் தகுதி, இரண்டையும் அது ஈட்டித் தந்தது.

தென்னார்க்காட்டில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி இங்கே படித்தவர்தான். அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் கொடுத்தவர் கொடுத்ததை விட்டு விலகவில்லை. 1928ஆம் ஆண்டுச் சட்டம் இணைவேந்தர் பதவியை நிறுவனருக்கும் அவர் வாரிசுகளுக்கும் எழுதி வைத்தது. நிதி நெருக்கடி முற்றி 2013இல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் வரை அந்த நாற்காலி குடும்பத்திடமே இருந்தது.