விமானமும் தரகும்: இலங்கையின் இலஞ்ச விசாரணைகள் குறித்துச் சில குறிப்புகள்

இலஞ்சம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருபவன், கந்தோர் மேசையின் பின்னாலிருந்து கைநீட்டும் சிற்றூழியனே. அவன் வாங்கினால் அதற்குக் கைக்கூலி என்று பெயர். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான கொள்வனவொன்றிற் பணம் கைமாறும்போது அதே செயல் தரகு என்றும் ஆலோசனைக் கட்டணம் என்றும் அழைக்கப்படுகின்றது. பெயர் மாறும்போது விசாரிக்கும் முறையும், தண்டனையின் தன்மையும் கூட மாறிவிடுகின்றன. இவ்வேறுபாட்டின் வரலாற்றை ஆராய்வதே இங்கு நமது நோக்கமாகும்.

இலஞ்ச விசாரணை இந்நாட்டுக்குப் புதியதன்று. சுதந்திரத்துக்கு முன்னரே, 1940களின் தொடக்கத்தில், அரசாங்க சபை உறுப்பினர் சிலர்மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்க ஆணைக்குழுவொன்று அமைந்தது. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டிலேயே கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை பரந்து கிடக்கும் கொழும்பு மாநகரசபையின் இலஞ்சம் பேசுபொருளாயிற்று. அதன்பொருட்டுத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1954இல் இலஞ்சச் சட்டம் வந்தது. 1958இல் இலஞ்ச ஆணையாளர் பதவியும் இலஞ்ச நியாயசபைகளும் ஏற்பட்டன. பாராளுமன்ற உறுப்பினர்களை விசாரித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு 1960இல் அறிக்கை தந்தது. குற்றவாளிகளாகக் காணப்பட்டோரின் குடியியல் உரிமைகளைப் பறிக்கும் சட்டமோ 1965இலேதான் நிறைவேறிற்று. இதனிடையே, நியாயசபை உறுப்பினரை நியமித்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என 1964இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தமையால் அச்சபைகள் வலுவிழந்தன.

இவ்வரலாற்றிலே ஓர் உண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. கொடுப்பவனும் குற்றவாளியே என்று சட்டம் கூறியதாயினும், ஆணைக்குழுக்களின் பார்வை வாங்கிய தனிமனிதன் மீதே பதிந்திருந்தது. கொடுத்த கம்பனி, அதன் இலாபம், அதன் பணிப்பாளர் சபை ஆகியன விசாரணையின் விளிம்பிலேயே நின்றன.

கம்பனியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் வலுப்பெற்றது வேறோரிடத்தில். அதற்குக் காரணமாயிருந்ததும் விமான வியாபாரமே. அமெரிக்காவின் லொக்ஹீட் கம்பனி தன் விமானங்களை விற்பதற்காகப் பல நாடுகளில் இலஞ்சம் வழங்கிய செய்தி 1976இல் வெளிப்பட்டது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாக்கா கைதானார். அடுத்த ஆண்டே, அந்நிய நாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றிற்று. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தன் சார்பில் இயங்குவோர் இலஞ்சம் கொடுப்பதைத் தடுக்கத் தவறுவதே கம்பனிக்குக் குற்றம் என்றது அது.

இச்சட்டத்தின் வெளிச்சம் நம்மீதும் விழுந்தது. 2013இல் ஸ்ரீலங்கன் விமான சேவை எயார்பஸ் கம்பனியிடமிருந்து ஆறு ஏ330 விமானங்களும் நான்கு ஏ350 விமானங்களுமாகப் பத்து விமானங்களை வாங்க உடன்பட்டது. மேலும் நான்கினைக் குத்தகைக்குப் பெறவும் இணங்கிற்று. 2020 ஜனவரி 31ஆந் திகதி இலண்டன் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட ஆவணமொன்று இதன் மறுபக்கத்தைக் காட்டியது. விமான சேவையின் நிறைவேற்று அதிகாரி ஒருவருடைய மனைவியை எயார்பஸ் தன் இடைத்தரகராக அமர்த்தியிருந்தது. அவருடன் தொடர்புடைய கம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் வரை தருவதாக இணங்கி, 2 மில்லியன் டொலரைக் கொடுத்துமிருந்தது. தரகர் யார் என்று பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் நிறுவனம் வினவியபோது, அவரது பெயரைப் பற்றி மாத்திரமன்றி, ஆணா பெண்ணா என்பதைப் பற்றியும் பொய்யான தகவல் வழங்கப்பட்டது.

இலஞ்சத்தைத் தடுப்பதற்கான விதிகள் எயார்பஸ் கம்பனியில் இல்லாமலில்லை. ஏட்டில் அவை இருந்தன. விற்பனையின் வேகத்தில் அவை புறக்கணிக்கப்பட்டன. ஐயம் பிறந்த பின்னர், 2016இல், கம்பனி தானே அதிகாரிகளிடம் விடயத்தை அறிவித்தது. உள்ளக விசாரணை தொடங்கிற்று. ஏறக்குறைய 3 கோடி ஆவணங்கள் ஆராயப்பட்டன. முடிவில், வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்குமாக 3.6 பில்லியன் யூரோ தண்டம் செலுத்தக் கம்பனி உடன்பட்டது. அதற்கு ஈடாக, குற்றத்தீர்ப்பு இல்லாமலே வியாபாரத்தைத் தொடர்ந்தது. தன்னைத் தானே விசாரித்தமை அதன் நற்சான்றாகக் கணிக்கப்பட்டது. தேங்காய் திருடி அகப்பட்ட கூலியாளுக்குத் தன் வழக்கைத் தானே விசாரித்துத் தண்டத்தைப் பேசித் தீர்க்கும் வாய்ப்பினை எந்த நீதிமன்றம் வழங்கியது?

இலண்டன் ஆவணம் ஐந்து நாடுகளைக் குறிப்பிட்டது: மலேசியா, இலங்கை, தாய்வான், இந்தோனேசியா, கானா. அனைத்தும் ஆசிய, ஆபிரிக்க நாடுகள். குற்றத்தின் களம் இங்கே. தண்டப்பணம் சென்றதோ விற்றவன் பக்கத்துத் திறைசேரிகளுக்கு.

இக்கொள்வனவு பற்றி நமது நாட்டவர் எதுவுமே அறியாதிருந்தனர் என்றும் கூறுதற்கில்லை. 2015இல் சட்டத்தரணி வெலியமுன தலைமையிலான குழு விமான சேவையை விசாரித்து, குற்றவியல் விசாரணை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2018இல் சனாதிபதி ஆணைக்குழுவொன்றும் அமைந்தது. எனினும் இலண்டன் ஆவணம் வெளியான பின்னரே, ஒரு வாரத்துக்குள், விமான சேவையின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி கபில சந்திரசேனவும் அவரது மனைவியும் கைதாயினர். நம்மவர் எழுதிய அறிக்கையால் அசையாத கதவு, பிறநாட்டு நீதிமன்றத்தின் ஒரு தாளினால் திறந்தது. ஆட்சியாளர் மாறினும் இந்நிலை மாறாதிருந்தமை சிந்திக்கத்தக்கது. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசும், சந்தை விலைக்கு மேலாக விமானங்கள் வாங்கப்பட இலஞ்சம் பெற்றார் என்று கூறி, அவர் தன் நாட்டில் நுழைவதைத் தடைசெய்தது.

விலையிலே கூட்டி வைக்கப்படும் தரகை இறுதியிற் செலுத்துபவர் யார்? விமான சேவை நட்டத்தில் ஓடியது. அதன் கடன்களுக்குத் திறைசேரி பிணை நின்றது. 2016இல் நான்கு ஏ350 விமானங்களின் குத்தகையை இரத்துச் செய்வதற்கும் பெருந்தொகை நட்டஈடு தேவைப்பட்டது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையைக் காணச் சீட்டு வாங்கும் வெள்ளவத்தைத் தாயும், விமானத்தில் ஒருநாளும் ஏறியறியாத கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும் இதனைச் சமமாகவே சுமக்கின்றனர். சீனிக்கும் மாவுக்கும் கொடுக்கும் வரி இருவருக்கும் ஒன்றே. 2022இல் மருந்து இறக்குமதிக்கும் டொலர் இல்லாது நாடு தத்தளித்தபோது, ஒவ்வொரு மில்லியனின் பெறுமதியையும் நாம் கண்கூடாகக் கண்டோம்.

2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியுள்ளது. தகவல் தருவோர்க்குப் பாதுகாப்பும் கூறுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கையும் அச்சட்டத்தினூடே நமது நாட்டுக்குள் நுழைந்துள்ளது என்பதை மறத்தலாகாது. பணம் படைத்தோர் தண்டத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுச் செல்லும் வழியாக அது அமையுமா, உண்மையை வெளிக்கொணரும் கருவியாகப் பயன்படுமா என்பது சட்டத்தின் சொற்களால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று.

கம்பனியின் இரகசியங்களை முதலில் அறிபவர் பணிப்பாளர் அல்லர். கணக்கெழுதும் எழுதுவினைஞரும், பற்றுச்சீட்டைச் சரிபார்க்கும் கணக்காய்வாளரும், கடிதத்தைத் தட்டச்சுச் செய்பவருமே. அவர்கள் அஞ்சாது பேசவும், பேசியவரைத் தொழிற்சங்கம் காக்கவும், விசாரணை அறிக்கைகள் அலுமாரியிற் கிடவாது மக்கள் கையில் வந்துசேரவும் வேண்டும். அந்நிலை தோன்றாதவரை, நமது குற்றங்களை நாம் இலண்டன் தீர்ப்புகளிலிருந்தே அறிந்துகொண்டிருப்போம். அவற்றுக்கான விலையை மட்டும் கொழும்பிலே செலுத்திக்கொண்டிருப்போம்.