மரமில்லாதவரின் கடல்

நம் கடற்கரையின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கலத்தில் ஏறிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். முத்துக் குளித்த தோணிகள், 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறை மக்கள் ஞானஸ்நானம் பெற்ற காலத்துப் போர்த்துக்கீசியக் கப்பல்கள், கட்டுமரம், வள்ளம், 1950-களுக்குப் பின் வந்த விசைப்படகுகள் என்று கதை கடலின் மேலேயே மிதந்து செல்கிறது. தோளில் ஒரு வீச்சுவலை, இடுப்பில் ஒரு பனையோலைப் பறி, இவ்வளவோடு அலைவாயில் இறங்கி நின்று பிள்ளைகளின் பசியை ஆற்றியவனுக்கு அக்கதையில் இடம் மிகக் குறைவு. அவனை மரமில்லாதவன் என்போம். (கட்டுமரத்தை நம் கரையில் மரம் என்றே சொல்வது வழக்கம், வெளியூர் வாசகருக்காக இதைச் சொல்லிவைக்கிறோம்.) கோவில் கட்டியவர்கள், கொடிமரம் தந்தவர்கள் பெயர்களெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. இப்பக்கங்களை அவனுக்கென ஒதுக்குகிறோம்.

வேதாகமத்தில் அவனுக்கு நல்ல இடம் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். ஆண்டவர் அழைத்த வேளையில் இராயப்பரும் பெலவேந்திரரும் கடலில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டுமே அங்கு உள்ளது. படகைப் பற்றிப் பேச்சில்லை. சற்று அப்பால் போனதும், செபெதேயுவின் மக்கள் யாகப்பரும் அருளப்பரும் தந்தையோடு படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்க்கிறார்கள். அவர்களுக்குக் கூலியாட்களும் இருந்தார்கள் என்று மாற்கு சேர்த்துச் சொல்கிறார். இராயப்பர் வீசிய வலைக்கு மத்தேயு இட்டிருக்கும் கிரேக்கப் பெயர் ‘ஆம்ஃபிபிளெஸ்த்ரோன்’. சுற்றி எறிவது என்று பொருள், நம் வீச்சுவலையேதான். லூக்காஸ் 5-ஆம் அதிகாரத்தில் இராயப்பருக்குப் படகு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கோவில் வரி கட்டுவதற்காகத் தூண்டில் போடும்படி ஆண்டவர் அனுப்பியதும் அவரைத்தான் (மத். 17:27). அங்கும் படகு சொல்லப்படவில்லை. கரைத்தொழில் அறிந்தவராகவே அவரை நாம் எண்ணுகிறோம்.

நம் பக்கத்தில் இத்தொழிலைக் கவனித்து எழுதியோருள் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் முக்கியமானவர். 1920-களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை அவர் விரிவாக எழுதினார். நல்ல நூல், ஆனால் அது வலைகளின் சரித்திரம், ஆட்களின் சரித்திரமன்று.

மரமுள்ளவனுக்குக் கடல் பெரியது. மீன் இங்கே இல்லையென்றால் அங்கே போவான். மரமில்லாதவனுக்கோ கடல் என்பது இருபது பாகம் அகலமுள்ள ஒரு துண்டு. மீன்தான் அவனிடம் வரவேண்டும். ஆகவே அது எந்நாளில், எந்நேரத்தில், எவ்விடத்தில் வரும் என்பதை அவன் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். தோளில் வலை எடுக்கும் முன்பே அவனுடைய பாதி வேலை முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டைத்தான் பெரியவர்கள் வாய்மொழியாக மகனுக்கும் பேரனுக்கும் கொடுத்து வந்தார்கள்.

முதலில் பிறை. தூத்துக்குடி, பாம்பன் பக்கங்களில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். வடநாட்டு வளைகுடாக்களில் உள்ளதுபோல் கடல் மைல் கணக்கில் உள்வாங்குவதில்லை. அந்த ஒரு முழம் இரண்டு முழம்கூடக் கரையில் நிற்பவனுக்குப் பெரிய வித்தியாசம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி நவமியில் சோம்பிக் கிடக்கும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவா நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிறைக் கணக்கு நமக்கும் அந்நியமானதல்ல. உயிர்ப்புப் பெருவிழாவின் தேதியைத் திருச்சபை முழுநிலாவைக் கொண்டே குறிக்கிறது. ஆகையால் அந்த முழுநிலா எப்போதும் புனித வாரத்துக்குள்ளேயே விழும். பெரிய வெள்ளியை ஒட்டிக் கடல் ஏறி இறங்குவதை நம் பாட்டிமார் கண்டு சொன்னது வெறும் பக்திப் பேச்சு அன்று.

அடுத்தது காற்று. கச்சான் காலத்தில் குளச்சல், முட்டம் பக்கம் அலை வலுக்கும். வாடைக் காலத்தில் கிழக்குக் கரை கலங்கும். மரம் கடலில் இறங்க முடியாத அந்நாட்களில் ஊரே கரையை நம்பி நிற்கும். அப்போது பலர் போகுமிடம் பொழிமுகம். மணக்குடியில் பழையாறும் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறும் கடலைச் சேருமிடங்களில் கோடையில் மணல் மேடிட்டு வாய் குறுகும். மழைவெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். திறந்த வாயருகில் மடவையும் கொடுவாவும் கூடும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும்.

பிறகு இடம். நீர் வற்றிய நேரத்தில் கரையோரமாய் நடந்து, எங்கே திட்டு, எங்கே பள்ளம் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். அலை வெண்ணுரையாய் உடையுமிடம் மேடு. உடையாமல் கறுத்துக் கிடக்குமிடம் பள்ளம். மடவையும் கிழங்கானும் அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் இரை தேடி வரும். ஆனால் கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்புவதும் அதே பள்ளத்தின் வழியாகத்தான். சோறு போடும் இடமும் ஆளை இழுக்கும் இடமும் ஒன்றாயிருப்பது இத்தொழிலின் விசித்திரம். அந்த இழுப்பில் அகப்பட்டவன் நேரே கரையை நோக்கிப் போராடினால் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஒதுங்கினால், அலை உடையும் இடத்துக்கு வந்து பிழைத்துக்கொள்வான். உல்லாசப் பயணமாக வரும் நகரத்து இளைஞர்கள் அமைதியாகத் தெரிகிறதே என்று குளிக்க இறங்குவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

தண்ணீரில் நிற்பதற்கும் முறை உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நகர வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். மிதித்தால் வால்முள் பாயும். பாய்ந்துவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்திருந்து, தாமதியாமல் மருத்துவரிடம் போகவேண்டும். வலைக் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாமல், உதறினால் கழன்றுவிடும்படி மாட்ட வேண்டும். நிழல் முன்னால் விழாதபடி நிற்க வேண்டும். ஒருவர் தண்ணீரில் என்றால் ஒருவர் கரையில். இடுப்புக்கு மேல் நீரில் இறங்குகிறவர் மீன்பிடிக்கப் போகவில்லை, நீந்தப் போகிறார் என்பது நம் அபிப்பிராயம்.

முன்பு பருத்தி நூலில் பின்னிய வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிப் பதப்படுத்தி, விளிம்பில் ஈயமணி கோப்பார்கள். இன்று நைலான் வலை கடையில் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டோம்.

இத்தனை கணக்கும் பொய்த்துப்போகும் ஒரு நாள் உண்டு. காற்றே இராது, வானம் தெளிந்திருக்கும், கடல் திடீரெனக் கரையேறும். இதைக் கள்ளக்கடல் என்பார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எழும் புயலின் அலை சில நாள் பயணம் செய்து நம் கரையை வந்து அறைவதே இது என்று அறிவியல் விளக்குகிறது. பெரும்பாலும் மழைக்கு முந்தின மாதங்களில் வரும். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படி மாண்டதை நாம் மறக்கவில்லை. இப்போது ஹைதராபாத்திலுள்ள மத்திய அரசின் கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. பிறை பார்ப்பவர்கள் இதையும் பார்க்கவேண்டும்.

மரமில்லாதவர் தனியாகவே நின்றார்கள் என்பதும் சரியல்ல. கரைமடி இழுக்கும்போது வலையைக் கடலில் வளைத்துவிட ஒரு கலம் போதும். இரு கயிற்றையும் பிடித்திழுக்கப் பல கைகள் வேண்டும். கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. கலமில்லாத குடும்பத்துக்குக் கடலில் ஓர் உரிமை இவ்வாறு வழக்கத்தால் ஏற்பட்டிருந்தது.

இவ்வுரிமைக்கு ஏட்டில் ஆதாரம் உண்டா என்று கேட்பாருண்டு. உண்டு. 533-ஆம் ஆண்டில் யுஸ்தினியான் பேரரசர் வெளியிட்ட ரோமச் சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும், கடலை முன்னிட்டுக் கடற்கரையும் இயற்கைச் சட்டப்படி எல்லோருக்கும் பொது என்கிறது. 1996 டிசம்பரில் நம் உச்சநீதிமன்றம், இமாசலப் பிரதேசத்து பியாஸ் நதி பற்றிய கமல்நாத் வழக்கில், இப்படிப்பட்ட இயற்கைச் செல்வங்களை அரசு மக்களுக்காகக் காத்துவரும் அறங்காவலனே என்ற கொள்கையை ஏற்றபோது இந்த ரோம வழக்கத்தையும் நினைவுகூர்ந்தது. ஆனால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அக்கறையோடு பேசுவது கலங்களைப் பற்றி. கலத்துக்குப் பதிவு உண்டு, எண் உண்டு. வீச்சுவலைக்கு எண் ஏது?

இன்று அவனுக்கு வந்திருக்கும் ஆபத்து சட்டத்தினால் அல்ல. அவன் நின்ற மணலே குறைந்து வருகிறது. குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கடல் அரித்தது. வீடுகளைக் காக்கக் கற்சுவர் கேட்டோம், கல் வந்தது. வீடு இழந்தவரிடம் போய்ச் சுவர் வேண்டாமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆயினும் சுவர் நிற்கும் இடத்தில் அலை ஏறி இறங்கும் சரிவு இல்லை. வீச்சுவலை விரியாது, கல்லில் கிழியும். கரைமடி இழுக்க இடமில்லை. கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்வரிசைக்குத் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூண்டில்காரன் இடத்தை எடுத்துக்கொண்டு அவன் பெயரை வைத்த அந்தப் புத்திசாலி யாரோ! அதன் ஒருபுறம் மணல் சேருகிறது, மறுபுறம் அரிக்கிறது. ஆகவே அடுத்த ஊருக்கும் சுவர் தேவைப்படுகிறது. இனி வேலைகள் திட்டமிடப்படும்போது, இறங்கி நிற்க எங்கே மணல் விடப்படும் என்று கேட்கும் ஒரு குரலாவது ஊர்க் கூட்டத்தில் எழவேண்டும். படகுச் சொந்தக்காரர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் துறைமுகம் போதும்.

அப்படிக் கேட்பதற்கு, எந்த இடம் எதற்குப் பயன்பட்டது என்ற கணக்கு கையில் வேண்டும். நம் கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; எந்த மாதம் எந்த மீன் அங்கே வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் பங்கு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உபதேசியார் அங்கே இருப்பார். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார். சிப்பி எடுத்த தாய்மார்களும் வரலாம்.