முயல் மேய்ந்த பொதுநிலம்

வீட்டுக்கு முன்னாடி பத்துக்குப் பத்து இடத்தில் போன வருஷம் புல்தரை போட்டேன். தினமும் காலையும் மாலையும் தண்ணி. மூணே மாசத்தில் நடுவில் பாசி, ஓரத்தில் கோரை. "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்க" என்று வீட்டம்மா சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். அந்த வயித்தெரிச்சலில் புல்லைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், கடைசியில் வந்து நின்ற இடம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ்!

கோல்ஃப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பணக்காரங்க ஆட்டம், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஓல்டு கோர்ஸ், ஊருக்குச் சொந்தமான பொதுநிலம் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கிற மணல்வெளிக்கு லிங்க்ஸ் என்று பேர். உழவுக்கு லாயக்கில்லை. மழைத்தண்ணி நிற்காமல் இறங்கிவிடும், கூடவே சத்தும் போய்விடும். அந்த ஏழை மண்ணில் தாக்குப்பிடிப்பவை ஃபெஸ்க்யூ, பென்ட் என்கிற மெல்லிய புல்வகைகள். கோடையில் பழுக்கும், ஆனால் லேசில் சாகாது. தரை கெட்டியாக இருப்பதால் பந்து ஓடும். தண்ணியும் எருவும் அள்ளிக் கொடுத்தால் போவா என்ற களைப்புல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். (என் கதை இப்போ புரியுதா?)

புல்வெட்டும் மெஷின் வராத காலத்தில் அந்த வேலையைப் பார்த்தது ஆடும் முயலும்தான். 1552ல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க அனுமதி வாங்கினார். ஆனால் ஊர்ஜனங்கள் கோல்ஃப், கால்பந்து ஆடும் உரிமை அப்படியே இருக்கும் என்று அதே சாசனத்தில் எழுதியாயிற்று. ஒரு பக்கம் முயல், ஒரு பக்கம் பந்து. ரொம்ப காலம் சண்டையில்லை.

1797ல் நகரசபை கடனில் மூழ்கி நிலம் கைமாறியது. புதுசாக வந்தவர்கள் வியாபாரத்துக்கே முயல் வளர்த்தார்கள். நாலு முயல் மேய்ந்தால் புல்லுக்கு நல்லது. கூட்டங்கூட்டமாக வளை தோண்டினால்? கோர்ட்டு, வழக்கு, கைகலப்பு என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821ல் ஜேம்ஸ் சீப் என்கிற கோல்ஃப் பிரியர் நிலத்தை வாங்கிய பிறகுதான் ஓய்ந்தது. 1894ல் தனிச்சட்டம் போட்டு ஊரே திரும்ப வாங்கிக்கொண்டது. 1974லிருந்து ஒரு அறக்கட்டளை நிர்வாகம்.

அதே 1821ல் அதே ஊரில் பிறந்தவர் டாம் மோரிஸ். இவர்தான் நம்ம ஹீரோ. 1864ல் இந்தப் புல்வெளிக்குப் பொறுப்பாளராக வந்தார், 1903 வரை பார்த்துக்கொண்டார். அவருடைய வைத்தியம் மணல். முன்பு பிரெஸ்ட்விக்கில் வேலை பார்த்தபோது மணல் தவறிக் கொட்டிப்போய், அந்த இடத்தில் புல் ஜோராக வந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். நிஜமோ கதையோ, விஷயம் சரிதான். மணல் தூவினால் மேடுபள்ளம் நிரவும், செத்த புல் மக்கிச் சேறாகாது, தண்ணி தேங்காது.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது என்பதில் கறாராக இருந்தார். ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டுமே! வழக்கமான ஞாயிறுகளில் இன்றைக்கும் அங்கே ஆட்டம் இல்லை. ஊர்ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லின் மேல் காலாற நடக்கிறார்கள்.

போன ஞாயிறு நானும் ஒரு சட்டி மணலைச் சலித்துத் தூவியிருக்கிறேன். தண்ணி வாரத்துக்கு ரெண்டே தடவை. வீட்டம்மா இன்னும் நம்பவில்லை :-)